இந்த மாதப் பாடம்: காசில்லாமல் புத்தகம் எங்கே கிடைக்கும்?



நாங்கள் போகிற கூட்டங்களில் உள்கடன், வங்கிக்கடன் எல்லாம் பேசி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கி முடித்த பிறகு ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. அது பிள்ளைகளின் படிப்பு. சூளகிரிப் பக்கம் ஒரு உறுப்பினர் தன் மகளை குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வைக்கிறார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய எண்ணுக்கு 350 ரூபாய் அனுப்பினார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பாடப்புத்தகங்கள் போனுக்கே வந்து சேர்ந்தன. "ஏமாத்தலைங்க, சொன்ன மாதிரியே அனுப்பிட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். அனுப்பியது உண்மைதான். ஆனால் அந்தப் புத்தகங்கள் எல்லாமே தமிழ்நாடு அரசு தன் பாடநூல் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா வைத்திருப்பவை. சேமிப்பாக மாதம் 100 ரூபாய் கட்டுகிறவருக்கு 350 ரூபாய் என்பது மூன்றரை மாதச் சேமிப்பு.

இதற்கு நேர் எதிராக இன்னொரு ஊரில் நடந்தது. குழுப் பிரதிநிதியின் போனில் அவர் பேரன் கதைப் புத்தகம் தேடியிருக்கிறான். 'இலவசக் கதைகள்' என்று வந்த ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுவிட்டான். அன்று முதல் போனைத் திறந்தாலே விளம்பரம். குழுக் கணக்கில் பணம் எடுத்தால் வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வருவது அந்தப் போனுக்குத்தான். நல்லவேளையாகப் பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆப்பை எடுத்துவிட்டு, வங்கி ரகசிய எண்ணையும் மாற்றினார்கள்.

ஒருவர் சும்மா கிடைப்பதற்குக் காசு கொடுத்தார். இன்னொரு வீட்டில் சும்மா கிடைக்கிறது என்று நம்பி வம்பு வந்தது. ஒரு புத்தகம் இலவசம் என்றால் அது *ஏன்* இலவசம் என்று தெரிந்துகொண்டால் இரண்டு கஷ்டமும் வராது. இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஏன் இலவசம்?

ஒருவர் எழுதிய புத்தகம் அவருடைய சொத்து. வீடு, நிலம் மாதிரி அவர் காலத்துக்குப் பிறகு அது பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் நிலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புத்தக உரிமைக்கு முடிவு தேதி இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் காலமான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். அது முடிந்தால் புத்தகம் ஊர்ப் பொதுக்கிணறு போல. யாரும் அச்சடிக்கலாம், போனில் ஏற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

நம் ஊர்க் கணக்கே போட்டுப் பார்ப்போம். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878ல் பிறந்த ராஜாஜி 1972 டிசம்பரில் காலமானார். 1973லிருந்து 60 ஆண்டு எண்ணினால் 2032 முடிகிறவரை வருகிறது. திருக்குறளுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் இந்தக் கணக்கே தேவையில்லை. அவை எப்போதோ நம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன.

இரண்டாவது வழி, இந்த 60 ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் அரசே முன்வந்து செய்வது. தமிழ்நாட்டில் இதற்கு 'நாட்டுடைமை ஆக்குதல்' என்று பெயர். அரசு எழுத்தாளரின் குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து, எழுத்தை மக்களுக்குப் பொதுவாக்கிவிடும். 1949ல் பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கியதுதான் இதற்குத் தொடக்கம். அதற்கு முன் பாரதி பாட்டின் உரிமை தனியாரிடம் இருந்தது. அவர் பாட்டை சினிமாவில் பாடுவதற்கே தகராறு வந்த காலமும் உண்டு! அதன்பின் இதுவரை 150க்கும் மேற்பட்டவர்களின் எழுத்துக்கள் நாட்டுடைமையாகியுள்ளன. கல்கியின் எழுத்துக்கள் 1999ல் ஆயின. 2022ல் 'பொன்னியின் செல்வன்' சினிமா வந்தபோது ஐந்து பாகத்தையும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அச்சுப் புத்தகம் வாங்கியது தப்பில்லை, அதைக் கையில் பிடித்துப் படிக்கிற சுகம் வேறு. காசு இல்லாதவரும் அதே ஐந்து பாகத்தைச் சட்டப்படி போனில் படிக்கலாம் என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

மூன்றாவது, எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே 'என் புத்தகத்தை யாரும் எடுத்துப் படியுங்கள், பிறருக்கும் கொடுங்கள்' என்று எழுத்துமூலம் அனுமதி கொடுப்பது. அப்படிப்பட்ட புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே அந்த அனுமதி அச்சாகியிருக்கும்.

இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல், இப்போது கடையில் விற்கிற புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் போடுகிறார்களே, அது இலவசம் அல்ல, திருட்டு. விடியற்காலை பனியில் நின்று பறித்துக் கட்டிய ரோஜாக் கட்டுகளை ஒருவர் நம்மைக் கேட்காமல் எடுத்துப்போய் ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தால் நம் வயிறு எரியுமா எரியாதா? எழுதுகிறவருக்கும் அப்படித்தான்.

எங்கே போய்த் தேடுவது?

தட்டச்சு தெரியாவிட்டால் கவலை வேண்டாம். கூகுளில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பெயரைச் சொன்னாலே போதும்.

முதலில் சொல்ல வேண்டியது மதுரைத் திட்டம். ஆங்கிலப் பெயரில் 'ப்ராஜெக்ட் மதுரை' என்றும் தேடலாம். 1998 பொங்கலன்று தொடங்கியது. அப்போது நம் பகுதியில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுவிட்சர்லாந்து நாட்டில் வேலை பார்த்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள், வேலைக்குப் போய் வந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து, பழைய நூல்களை ஒவ்வொரு எழுத்தாகக் கம்ப்யூட்டரில் அடித்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை திருத்தினார். சம்பளம் கிடையாது, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததும் கிடையாது. கூட்டமாகச் சேர்ந்து ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் 1989ல் தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டமே தொடங்கியது. ஆனாலும் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து செய்த அந்த வேலை எங்களுக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. சங்க இலக்கியம், திருக்குறள், தேவாரம், பாரதி, கல்கி என்று அங்கே நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கின்றன. உறுப்பினராகச் சேர வேண்டாம், போன் நம்பர் கொடுக்க வேண்டாம்.

இந்தக்கால எழுத்து வேண்டுமென்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று தேடுங்கள். த. சீனிவாசனும் நண்பர்களும் 2013ல் தொடங்கியது. மேலே சொன்ன மூன்றாவது வகை, அதாவது எழுதியவரே அனுமதி கொடுத்த புத்தகங்கள் இங்கே நிறைய. சிறுகதை, சமையல், கணினிப் பாடம், பயணக் கட்டுரை எல்லாம் உண்டு. எல்லாமே உயர்ந்த எழுத்து என்று சொல்லமாட்டோம். புரட்டிப் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் இரண்டிலும் நாட்டுடைமை நூல்கள் குவிந்து கிடக்கின்றன. மின்னூலகம் 2017ல் தொடங்கப்பட்ட அரசு நூலகம். அங்கே பழைய பத்திரிகைகளைக்கூடப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இலங்கைத் தமிழர்கள் 2005ல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒன்றைத் தொடங்கினார்கள். 1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரே கட்டிடத்தில் இருந்ததால் எல்லாம் ஒரே ராத்திரியில் போனது. இப்போது அவர்கள் சேகரித்து இணையத்தில் வைத்திருப்பதை நாம் தளியில் உட்கார்ந்துகொண்டும் திறந்து பார்க்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ல் தொடங்கியது. கலர்ப் படக் கதைகள், நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். நம் எல்லைப் பகுதிக்கு இது ரொம்பப் பொருத்தம் என்று நினைக்கிறோம். ஒரே கதை தமிழிலும் இருக்கும், தெலுங்கிலும் இருக்கும், கன்னடத்திலும் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் கேட்கிற பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு அம்மா, தனக்குத் தெலுங்கு பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்றார். மகள் தமிழில் கதையைப் படிக்க, இவர் தெலுங்கில் திருப்பிச் சொல்ல, இரண்டு பேருக்கும் ராத்திரி பொழுது போகிறதாம்.

குரூப் 4, காவலர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தமிழ்நாடு அரசுப் பாடநூல் தளத்துக்கு நேராகப் போங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் தளத்திலேயே இருக்கின்றன. தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் தமிழிலேயே இருக்கிறது. தக்காளி, மா, ரோஜா எல்லாவற்றுக்கும் பயிர்முறையும் பூச்சி மருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

போனில் ஏற்றுவது எப்படி?

புத்தகம் இரண்டு விதமாக வரும். ஒன்று, பக்கத்தைப் படம் பிடித்தது. இன்னொன்று, எழுத்தாக அடித்தது. இந்த வித்தியாசம் முக்கியம்.

படம் பிடித்தது பெரும்பாலும் பி.டி.எஃப். ஆக இருக்கும். பெரிய கோப்பு, டேட்டாவைத் தின்னும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். எழுத்தாக அடித்தது 'ஈபப்' என்ற வகையில் வரும். பெரிய நாவல்கூட ஒரு சின்ன வீடியோ அளவுக்கு வராது. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடங்கி அடுத்த வரிக்கு வரும். ஆக, ஒரே புத்தகம் இரண்டு விதமாகவும் கிடைத்தால் ஈபப்பை எடுங்கள். அதைத் திறக்க ப்ளே ஸ்டோரில் கூகுள் ப்ளே புக்ஸ் போன்ற இலவச ஆப் இருக்கிறது. பி.டி.எஃப். மட்டும்தான் சரிப்படும் என்றால், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் 'ஆறு அங்குல பி.டி.எஃப்.' என்று ஒன்று இருக்கும். அது சின்னத் திரைக்கென்றே செய்தது. ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு நெட் வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்கு இது உதவும். அஞ்செட்டி மலைப்பாதையில் சிக்னல் போனாலும் கதை நிற்காது.

"படிக்கறதுக்குன்னே ஒரு மெஷின் விக்குதாமே, வாங்கலாமா?" என்று ஒரு தங்கை கேட்டார். கிண்டில் போன்ற கருவியைச் சொல்கிறார். அதன் திரை காகிதம் மாதிரி இருக்கும், கண் கூசாது, ஒருமுறை சார்ஜ் போட்டால் பல நாள் வரும். விலை பல ஆயிரம். யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், உள்கடன் எடுத்து வாங்க வேண்டாம். கிண்டில் ஆப் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கடையில் இப்போதைய எழுத்தாளர்களின் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, பல அச்சு விலையைவிடக் குறைவு. சில நாட்களில் எழுதியவரே விலையைப் பூஜ்யமாக வைப்பார். வாங்கும் முன் விலைக்கட்டத்தை நன்றாகப் பாருங்கள். 'மாதச் சந்தாவில் இலவசம்' என்று போட்டிருந்தால் அது இலவசம் இல்லை. மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போகும். நிறுத்தச் சொல்லும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

படிக்கத் தெரியாத அக்காக்களுக்கு

1990களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற அக்காக்கள் நம்மிடம் நிறைய பேர் இருக்கிறார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். அதன்பின் வீட்டில் படிக்க ஒன்றும் இல்லாததால் பலருக்குக் கையெழுத்து மட்டும் நின்று, எழுத்து மறந்துவிட்டது. கண்ணும் மங்கிவிட்டது. ஈபப்பில் எழுத்தைக் கட்டை விரல் அளவுக்குக்கூடப் பெரிதாக்கலாம் என்பது இவர்களுக்குத்தான் பெரிய விஷயம். ஸ்டோரிவீவரின் முதல் படிக் கதைகளைப் பேரப்பிள்ளைக்குக் காட்டுகிற சாக்கில் இவர்களும் எழுத்துக்கூட்டுகிறார்கள். யாரும் 'இந்த வயசுல என்ன படிப்பு' என்று கேட்கமாட்டார்கள் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் வசதியும் இருக்கிறது, தமிழ்க் குரலும் உண்டு. எழுத்தாக அடித்த புத்தகத்தை அது படிக்கும், படம் பிடித்த பக்கத்தைப் பெரும்பாலும் படிக்காது. குரல் கொஞ்சம் மெஷின் மாதிரிதான் இருக்கும். எங்களைக் கேட்டால் ஒரு மனுஷி படித்துக் காட்டுவதற்கு அது ஈடாகாது.

கூட்டத்தில் படிக்க எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கு ராஜம் கிருஷ்ணனைச் சொல்வோம். வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதியவர் இல்லை. உழைக்கிற மக்கள் இருக்கிற இடத்துக்கே போய், கேட்டுப் பார்த்து எழுதியவர். 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளிகள் பற்றியது. 'கூட்டுக் குஞ்சுகள்' சிவகாசித் தீப்பெட்டி வேலையில் இருந்த பிள்ளைகள் பற்றியது. முதுமையில் அவர் வறுமைப்பட்டபோது, 2009ல் அரசு அவர் எழுத்துக்களை நாட்டுடைமையாக்கியது. பொதுவாகக் காலமான பிறகு செய்வதை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்தார்கள். 2014ல் காலமானார். தமிழ் விக்கிமூலத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். கெலமங்கலம் பக்கத்துக் குழு ஒன்றில் 'கரிப்பு மணிக'ளை வாரம் பத்துப் பக்கமாகப் படிக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வரும் ஒரு பெண் படிக்கிறார், மற்றவர்கள் பூக்கட்டிக்கொண்டே கேட்கிறார்கள். உப்பளத்துக் கூலிக் கணக்கு வந்த அன்று படிப்பு நின்றுபோய், ஓவர்டைம் கணக்கு பற்றிய பேச்சாகிவிட்டதாம்.

பிரதிநிதிகள் கவனத்துக்கு

குழுக் கணக்கோடு இணைந்த போனைப் புத்தகம் தேடப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். வேறு போன் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எந்த இலவசப் புத்தகத்துக்கும் ஓ.டி.பி., ஆதார் நம்பர், பாஸ்புக் படம் தேவையே இல்லை. கேட்டால் அது புத்தகம் இல்லை, தூண்டில். ஆப் வேண்டுமென்றால் ப்ளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் தொடவே கூடாது. புத்தகம் அப்படி முடியாது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்று ஒருநாள் தள்ளிப்போட்டால் பணத்தை மடக்குவது கஷ்டமாகிவிடும்.

நெட் போட வசதியில்லாதவர்கள் கூட்டத்துக்கு வரும்போது போனைக் கொண்டுவரலாம். ஒரு போனில் இறக்கிய நாட்டுடைமைப் புத்தகத்தை ப்ளூடூத்தில் இன்னொரு போனுக்கு அனுப்ப டேட்டா செலவாகாது, சட்டத் தடையும் இல்லை. அடுத்த மாதம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டங்களில் இதைச் செய்து காட்டுகிறோம். போனில் கொஞ்சம் இடம் காலி செய்து, சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். மூக்குக்கண்ணாடி இருக்கிறவர்கள் அதையும் மறக்காதீர்கள்.